உப்பளம் ஒரு ஃபேக்டரியா?

ஃபேக்டரின்னு சொன்னதும் கூரை, சுவர், மெஷின் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஆனா ராமநாதபுரம் கடற்கரையில, வாலிநோக்கம் பக்கம் போனா கூரையே இல்லாத ஒரு ஃபேக்டரியைப் பார்க்கலாம். அதுதான் உப்பளம்.

அங்கே வெயில் ரெண்டு பக்கமிருந்து அடிக்கும். மேலேயிருந்து ஒண்ணு, வெள்ளை உப்புல பட்டுத் திரும்பி கீழேயிருந்து ஒண்ணு. தலையில கட்டுற துண்டு மேலே வர்ற வெயிலைத்தான் தடுக்கும். உப்பு வாரும்போது தெறிக்கிற தண்ணி கண்ணை எரிக்கும். புற ஊதாக் கதிர் வருஷக்கணக்கா பட்டா, வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல சதை படரலாம். கண்புரை வர்ற வாய்ப்பும் கூடும்.

இப்போ வரலாறு. 1930ல ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது நமக்குத் தெரியும். அந்தப் போராட்டம் உப்பு வரியைப் பத்தினது. 1947ல வரி போச்சு. ஆனா உப்பு வாருறவங்க கண்ணைப் பத்தி யார் பேசினாங்க?

1948ல வந்த தொழிற்சாலைகள் சட்டம் பேசியது. 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த அந்தச் சட்டத்தோட 35வது பிரிவு, அதிக வெளிச்சத்தால் கண்ணுக்கு ஆபத்து உள்ள வேலைகளில் தடுப்பு மறைப்போ தகுந்த கண்ணாடியோ தரணும்னு மாநில அரசு விதி போடலாம்னு சொன்னது.

சரி, உப்பளம் தொழிற்சாலையா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. லைசன்ஸ் இல்லாம உப்பளம் நடத்தினதா பம்பாய் மாநிலத்துல ஒருத்தர் மேல வழக்கு. "இது திறந்தவெளி நிலம், கட்டடம் இல்ல"ன்னு அவர் தரப்பு வாதம். 1961ல தீர்ப்பு வந்தது: கடல் நீரை உப்பாக்குறது உற்பத்திதான், கட்டடம் தேவையில்லை, நிலமே போதும், உப்பளம் தொழிற்சாலைதான்.

1974ல தமிழ்நாடு அரசே உப்புக் கழகம் தொடங்கி, மாரியூர்–வாலிநோக்கத்துல உப்பு விளைவிக்க ஆரம்பிச்சது.

ஆனா அந்தச் சட்டத்துல இருந்தது 'போடலாம்'. 'போட்டே ஆகணும்' இல்ல. அந்த ஒரு சொல்லுக்குள்ளதான் பிரச்சினை இருந்தது. வெறும் கண்ணாடி கொடுத்தாலும் போதாது. வியர்வையிலும் உப்புத் தண்ணியிலும் மங்காததா இருக்கணும், வருஷா வருஷம் கண் பரிசோதனையும் வேணும்.

அடுத்த தடவை சாப்பாட்டுல உப்பு போடும்போது, அந்த வெள்ளை எத்தனை கண்ணைக் கூச வச்சிருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிங்க.