முன்னே சென்றவரிடம் கேட்போம்

நம் வீட்டுப் பிள்ளை மருத்துவம் பயில விரும்பினால், ஏற்கெனவே அப்படிப்பில் சேர்ந்துவிட்ட ஒருவரை ஊரெங்கும் தேடுகிறோம். அந்தத் தேடல் ஏன் இன்றியமையாதது என்பதை நம் மாநிலத்தின் மாணவர் சேர்க்கை வரலாறே நமக்குச் சொல்கிறது.

விடுதலை பெற்ற காலத்தில் சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை நடைமுறையில் இருந்தது. அதன்படி 14 இடங்களில் ஓர் இடம் முஸ்லிம்களுக்கு உரியது. மருத்துவக் கல்லூரியில் சேர எண்ணிய செண்பகம் துரைராஜன் 1950இல் அவ்வாணையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவர் விண்ணப்பமே அளித்திருக்கவில்லை. விசாரித்த அளவிலேயே தமக்கு இடம் கிடைக்காது என்று அறிந்துகொண்டார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. ஒருவர் முன்கூட்டி விசாரித்ததிலிருந்து தொடங்கிய வரலாறு அது.

நமக்கெனத் தனிப் பங்கு மீண்டும் கிடைத்தது 2007இல்தான். பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிற்குள் 3.5 விழுக்காடு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1984 முதல் நடந்துவந்த நுழைவுத் தேர்வும் அதே 2007இல் நீங்கியது. 2017 முதல் நீட் தேர்வு வந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் நுழைவுத் தேர்வாலும், தம்பி பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணாலும், அக்காள் மகள் நீட் தேர்வாலும் சேர்ந்திருக்கக்கூடும். ஆகவே, பல்லாண்டு அனுபவமுள்ள மருத்துவரைவிடச் சென்ற ஆண்டு சேர்ந்த மாணவியின் சொல் விண்ணப்ப வேளையில் அதிகம் பயன்படும்.

அவர்களிடம் எவற்றைக் கேட்பது? முதலாவது, சாதிச் சான்றிதழ். அதில் 'பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்' என்ற வகைப்பாடு தெளிவாக இருத்தல் வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டிற்குரிய 15 விழுக்காட்டு இடங்களில் நமது 3.5 விழுக்காடு பொருந்தாது. அங்கே மத்திய அரசின் ஓபிசி சான்றிதழ் தேவை. நம் பிரிவு மத்தியப் பட்டியலில் உள்ளதா என்பதை முன்னதாகவே சரிபார்க்க வேண்டும். இரண்டாவது, கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் முறை. 'கிடைக்காது' என்று அஞ்சி, மெய்யாக விரும்பும் கல்லூரியைக் கீழே தள்ளிவிடலாகாது. மூன்றாவது, தனியார் கல்லூரிகளில் கல்விக் கட்டணத்திற்கு அப்பால் விடுதி, உணவு முதலியவற்றிற்கு ஆகும் செலவு.

அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்குமாறு திருமறை நமக்கு வழிகாட்டுகிறது. ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் சுமப்பவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். கேட்பது பெற்றோரின் கடமையாயின், மறைக்காமல் சொல்வது சேர்ந்துவிட்ட பிள்ளைகளின் கடமை. அறிந்ததை மட்டும் சொல்லட்டும். மாறியிருக்கக்கூடிய விதியை 'இவ்வாண்டின் கையேட்டில் பாருங்கள்' என்று சொல்லிவிடட்டும்.

உறவில் ஒரு மருத்துவரும் இல்லாத வீடுகள் நம்மிடையே பல. அவ்வீட்டுப் பிள்ளை யாரிடம் கேட்கும்? பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், மஹல்லாவின் மருத்துவ மாணவ மாணவியரை ஒரு மாலைப்பொழுது மதரஸாக் கூடத்தில் அமரச் செய்தால் போதும். ஒதுக்கீடு ஏட்டில் இருக்கிறது. அதை அப்பிள்ளையின் கையில் சேர்ப்பது நம் பொறுப்பு. அதற்கு அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.