பெற்றோரற்ற பிள்ளையும் தோட்டத்துப் பள்ளியும்

கோலசிலாங்கூர்த் தோட்டங்கள் மலாயாவின் பொருளியல் வரலாற்றில் தனியிடம் பெற்றவை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான ‘தென்னைமரம்’ 1917ஆம் ஆண்டில் இம்மாவட்டத்திலேயே உருவாயிற்று. அங்கும் அதனைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழர்களின் விளைச்சல் கணக்கு ஏடுகளில் ஏறியது. அவர்கள் மறைந்தபின் நின்ற பிள்ளைகளின் கதையோ அவ்வளவாக எழுதப்படவில்லை.

ஏழு முதல் பதினான்கு வயதுடைய பிள்ளைகள் 10 பேர் இருப்பின், தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் பயனாகத் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. எனினும், பள்ளிக்குக் கட்டடம் தந்த சட்டம், பிள்ளை அங்கு வந்து அமர்வதற்கு வேண்டிய சோற்றையும் துணியையும் தரவில்லை. அவை தாய் தந்தையரின் பொறுப்பாகவே நின்றன.

அந்தத் தாய் தந்தையரையே போர் வாரிக்கொண்டது. 1942-43இல் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரவரை மாய்த்தன.

தோட்டத்தில் எஞ்சிய பிள்ளையின் நிலை யாது? லயத்து வீடு வேலை செய்பவனுக்கு உரியது. உழைப்பவன் இல்லையேல் வீடும் நிலையில்லை. ஊரில் இருந்தால் அணைத்துக்கொள்ளும் பாட்டனும் பாட்டியும் பலருக்குக் கடலுக்கு அப்பால் இருந்தனர். ஆகவே, ஏட்டைப் பிடிக்க வேண்டிய கை புல் பிடுங்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் போயிற்று.

இக்குறையை உணர்ந்தோர் சிலர். 1949இல் சுவாமி சத்தியானந்தர் நிறுவிய சுத்த சமாஜம், பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தது. உணவு, உறைவிடம், கல்வி மூன்றையும் அது ஒருங்கே அளித்தது. 2023இல் மறையும்வரை அன்னை மங்களம் அப்பணிக்கே தம் வாழ்வை ஈந்தார். கல்வி உதவி என்பது கட்டணத்தோடு முடிவதன்று என்பதற்கு அவ்வில்லம் சான்றாகும்.

1962இல் தொடக்கக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. ஆயினும் ஆறாம் ஆண்டு முடித்த தோட்டத்துப் பிள்ளை, புகுமுக வகுப்புக்குப் பட்டணம் செல்ல வேண்டியிருந்தது. பேருந்துக் காசும் சீருடையும் யார் தருவது? தந்தை உள்ளவனே தயங்கிய இடத்தில், தந்தையற்றவன் நின்றேவிட்டான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் ஆப்பிரிக்கச் சிற்றூர்களும் இதே பாடத்தைக் கற்றன. மலாவி 1994இலும் உகாண்டா 1997இலும் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை நீக்கின. அக்காலத்திலேயே எய்ட்ஸ் நோய் பெற்றோரைக் கொண்டுசென்றது. 2003 அளவில் சகாராவுக்குத் தெற்கே அந்நோயால் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகள் சுமார் 1.2 கோடி. பள்ளிக் கதவு திறந்திருந்தும், முதிய பாட்டியின் குடிசையில் நோட்டுப் புத்தகத்துக்கும் மதிய உணவுக்கும் வழியில்லாமல் பலர் வெளியே நின்றனர்.

நோய் வேறு, போர் வேறு, நிலம் வேறு. பிள்ளையின் தேவை ஒன்றே. கட்டணத்தை நீக்க ஓர் அரசாணை போதும். பிள்ளையை நாள்தோறும் எழுப்பி, ஊட்டி, பள்ளிக்கு அனுப்ப ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டை யார் அமைப்பது என்பதே அன்று தோட்டத்துத் தமிழ்ச் சமுதாயத்தின் முன் நின்ற வினா. பெற்றோரற்ற பிள்ளை உள்ளவரை அவ்வினா எச்சமுதாயத்துக்கும் உரியது.