எல்லை கண்டு மறைந்த கட்சி

மாந்தர் இருந்த இடத்திலேயே இருக்க, அவரைச் சூழ்ந்த எல்லை மாறிவிடுவதுண்டு. 1920-ஆம் ஆண்டின் திரியனான் உடன்படிக்கையால் அங்கேரிய மொழியினர் பலர் அண்டை நாடுகளில் சிறுபான்மையினராயினர். தம் உரிமை காக்கக் கட்சிகளும் கண்டனர். தமிழகத்தின் தென்கோடியில் அத்தகைய தேவையால் பிறந்து, பன்னிரண்டு ஆண்டளவே வாழ்ந்தது திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு.

மலையாளம் பெரும்பான்மை மொழியாக விளங்கிய திருவிதாங்கூரில் தமிழர் சிறுபான்மையினர். அவர்க்கெனச் சாம் நத்தானியேல் முதலானோர் 1945-இல் நாகர்கோவிலில் தோற்றுவித்த அமைப்பு, 1946-இல் இப்பெயர் பெற்றது. 1947-இல் வழக்கறிஞர் நேசமணி இணைந்தபின் அது மக்கள் இயக்கமாக வளர்ந்தது. 1948-ஆம் ஆண்டுத் தேர்தலில் 18 இடங்களில் நின்று 14-இல் வென்றது. 1953-இல் அது ஆதரவை விலக்கிக்கொள்ளவே, திருவிதாங்கூர்-கொச்சியில் ஏ. ஜே. ஜான் அமைச்சரவை கவிழ்ந்தது.

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையினர் சுட்டதில் தமிழர் பலர் மாண்டனர். அன்று ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோசலிஸ்டு அமைச்சரவை. அக்கட்சியின் பொதுச்செயலாளரான இராம் மனோகர் லோகியாவே அவ்வமைச்சரவை விலகவேண்டுமென வற்புறுத்தினார். அப்பிணக்கு ஒரு தேசியக் கட்சியையே பிளவை நோக்கி இட்டுச் சென்றது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தில் இணைந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. நோக்கம் நிறைவேறியதெனக் கருதிய கட்சி, 1957-இல் இந்திய தேசிய காங்கிரசில் கலந்தது.

எனினும் அந்நிறைவு முழுமையானதன்று. கட்சி வேண்டிய தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் ஆகியவை கேரளத்திலேயே நின்றன. தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழரை, வந்துபோகும் மக்களாகவே மாநிலச் சீரமைப்பு ஆணையம் மதிப்பிட்டது. தலைமுறைகளாக உழைத்தும் அம்மண் அவர்க்கு உரியதென ஒப்புக்கொள்ளப்படவில்லை. கட்சி கலைந்தபோது எல்லைக்கு இப்பால் வந்தோர்க்கு அது வெற்றி விழா. அப்பால் நின்றோர்க்கோ தமக்கிருந்த கட்சியின் இழப்பு.

தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் தருமபுரிப் பகுதி மக்களுக்கு இவ்வரலாறு அயலானதன்று. எக்கோட்டை வரைந்தாலும் அதன் இருபுறமும் சிறுபான்மையினர் எஞ்சுவர். தமிழகத்திலுள்ள பிறமொழிச் சிறுபான்மையினரிடம் தமிழர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதே, மார்த்தாண்டத்தில் மாண்டவர்க்குத் தமிழர் செலுத்தும் அஞ்சலியின் உண்மையை அளக்கும்.