கடல் எல்லையும் சைக்கிளும்

அரசுகளுக்கிடையே நடப்பதைப் படிப்பது பன்னாட்டு உறவுகள். பிழைப்பு, பள்ளி, உதவிப் பணம் என மக்கள் பக்கம் நடப்பதைப் படிப்பது உலக வளர்ச்சி. இரண்டுக்கும் பாடம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இருக்கிறது: ஒன்று கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களின் கடல், மற்றொன்று 1991இல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம்.

மாவட்டம் உருவானது 1974 ஜனவரியில். அதே ஆண்டு ஜூனில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் எல்லை வகுத்தன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. 1976 உடன்பாட்டுக்குப் பின் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கும் வழியும் அடைபட்டது. படகு சிறைபிடிப்பு, டெல்லி–கொழும்பு பேச்சுவார்த்தை, கடலடியை வாரும் இழுவைமடி வலைக்கு 2017இல் இலங்கை விதித்த தடை என்று பன்னாட்டு உறவுகள் மாணவரின் குறிப்பேடு நிறைந்துவிடும்.

அறிவொளியின் கதை வேறு. எழுத்தோடு நடமாட்டமும் வேண்டும் என்று சைக்கிளைப் பாடத்தில் சேர்த்தவர் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிகளும் கேலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலருக்கு அதுவே பிடித்தும்போனது. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடானது. யுனிசெஃப் 50 மொபெட் கொடுத்தது இயக்கம் சூடுபிடித்த பிறகுதான்.

இழுவைப்படகின் கதையில் இந்த வரிசை தலைகீழ்: வெளி உதவிதான் முதலில் வந்தது. 1952இல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் செய்த ஒப்பந்தப்படி கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய வளர்ச்சித் திட்டம், இந்திய மீன்பிடி இயந்திரமயமானதற்கு முன்னோடி. இறால் ஏற்றுமதி பெருக, இழுவைமடி கிழக்குக் கரைக்கும் பரவியது. 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய இலங்கைத் தமிழ் மீனவரின் வலையை அறுப்பது அதே மடிதான். ஆக, எல்லைத் தகராறாகத் தெரிவதில் பாதி, பழைய வளர்ச்சித் திட்டத்தின் மிச்சம். எல்லையை மட்டும் படிப்பவருக்கு இது புலப்படாது. சைக்கிளை மட்டும் படிப்பவரோ, உள்ளூர் முயற்சியே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்பிவிடுவார். இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட எல்லைக்கோட்டை எந்த ஆட்சியராலும் நகர்த்த முடியாது.

2017இல் வந்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் இரண்டு படிப்பும் சந்திக்கும் இடம். இழுவைப்படகை ஒப்படைத்தால் ஆழ்கடல் படகு வாங்க மானியம். எல்லைச் சிக்கலுக்குத் தொழில் மாற்றம் மருந்து. ஆனால் ஓர் இரவு மீன்பிடித்துக் கரை திரும்பிப் பழகியவர்கள் நாள்கணக்கில் கடலில் தங்க வேண்டும். தொழில்முறையும் வேறு, மானியம் போக மீதிக்குக் கடனும் உண்டு. அறிவொளியில் கற்பவரின் அன்றாடத்திலிருந்தே திட்டம் வளர்ந்தது. ஆழ்கடல் திட்டத்தையும் அந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்: எத்தனை படகு கொடுத்தார்கள் என்பதைவிட, வாங்கியவர் அதில் பிழைக்கிறாரா என்பதே கணக்கு.