லியோனில் உரிந்த டயர்

1924, ஆகஸ்ட் 3. பிரான்ஸில் லியோன் நகருக்குப் பக்கத்தில் கிராண்ட் ப்ரீ பந்தயம். மொத்த தூரம் 800 கிலோமீட்டருக்கும் மேல். எட்டோரே புகாட்டி ஐந்து புத்தம்புதுக் கார்களோடு வந்து இறங்கினார்.

சும்மா இல்லை, கல்யாண கோஷ்டி மாதிரி வந்தார். ஆட்கள் தங்கப் பெரிய கூடாரம், மின்விளக்கு, குளிக்க வசதி. எதையும் அழகாகச் செய்தாக வேண்டும் அவருக்கு. ரத்தம் அப்படி. மிலானில் பிறந்த இத்தாலியர். அப்பா கார்லோ, மேஜை நாற்காலியைக் கலைப்பொருளாகச் செய்தவர். தம்பி ரெம்பிராண்ட், மிருகச் சிற்பங்களுக்குப் பேர்போனவர். எட்டோரே காரைச் செதுக்கினார். லியோனுக்கு வந்த காரின் பெயர் டைப் 35. தரையை ஒட்டின தாழ்வான உடம்பு, குதிரை லாடம் மாதிரி முகம், எட்டு சிலிண்டர், இரண்டு லிட்டர் எஞ்சின்.

எல்லாவற்றையும்விட விசேஷம், சக்கரம்.

அந்தக் காலத்துப் பந்தயக் காருக்குப் பெரும்பாலும் சைக்கிள் மாதிரி கம்பி போட்ட சக்கரம்தான். புகாட்டி அலுமினியத்தை வார்த்தார். பட்டையாக எட்டு ஆரக்கால். கூடவே பிரேக் டிரம்மையும் அதிலேயே சேர்த்துவிட்டார். சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் வந்துவிடும். பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பிரேக் பிடிக்கிற சூடும் அலுமினியம் வழியாகச் சீக்கிரம் வெளியே போய்விடும்.

இதற்கெல்லாம் மேல், எடை. காரின் எடையில் இரண்டு ஜாதி உண்டு. ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பது ஒன்று, கீழே இருப்பது இன்னொன்று. மேலே இருப்பதை ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும். கீழே இருக்கிற சக்கரமும் டயரும்தான் மேடு பள்ளத்தில் துள்ளும். அவை கனமாக இருந்தால், துள்ளியதை மறுபடி தரையில் உட்காரவைக்க ஸ்பிரிங் திணறிப் போகும். சக்கரம் அந்தரத்தில் இருக்கிற அந்த நொடியில் ஸ்டியரிங்காவது, பிரேக்காவது!

தாழ்த்தின காரில் ஸ்பிரிங் அசைய இடம் இன்னும் குறைவு. இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்தி அலாய் வீல் மாட்டப்போகிறவர்கள் 'எத்தனை இஞ்ச்?' என்று கேட்பதற்கு முன்னால் 'எத்தனை கிலோ?' என்று கேட்கலாம். யார் கேட்கிறார்கள்? பளபளப்புக்குக் காசைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் டயர் வாங்குகிறார்கள். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், வீட்டைக் கட்டிவிட்டு இன்ஷூரன்ஸைக் கோட்டை விடுகிற வேலை.

புகாட்டி அப்படிக் கஞ்சத்தனம் பண்ணவில்லை. தன் புதுச் சக்கரத்துக்கென்றே டயரும் தனியாகச் செய்ய வைத்தார். அங்கேதான் சனி பிடித்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதமாக வேகவைத்தால்தான் இறுகும். வல்கனைசிங் என்று பஞ்சர் கடை போர்டில் பார்த்திருப்பீர்களே, அதேதான். அந்த டயர்கள் சரியாக வேகவில்லை.

பந்தயம் ஆரம்பித்தது. வேகம் ஏற ஏற, டயரின் மேல்பட்டை வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து பறந்தது. மாற்றி மாட்டினால் அதுவும் உரிந்தது. எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்து என்ன பிரயோஜனம்? ஆல்ஃபா ரோமியோ பி2-வில் வந்த கம்பாரி ஜெயித்துவிட்டுப் போனார். புகாட்டி கார்களில் முதலில் வந்ததே ஏழாவது இடம்தான்.

இந்த மாதிரி நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் புதுச் சக்கரத்தைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பார்கள். பழி அதன்மேல் விழுவது சுலபம். பழைய கம்பிச் சக்கரமும் கைவசம் இருக்கவே இருக்கிறது. புகாட்டி அசையவில்லை. கோளாறு டயரில்தான், சக்கரத்தில் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

அடுத்த மாதமே ஸ்பெயினில் சான் செபாஸ்தியன் பந்தயம். கோஸ்டான்டினி ஓட்டிய டைப் 35 இரண்டாவதாக வந்தது. பிறகு 1925 முதல் 1929 வரை, சிசிலித் தீவின் மலைப்பாதையில் நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயம் தொடர்ந்து ஐந்து முறை புகாட்டிக்கே. முதல் இரண்டு வெற்றி அதே கோஸ்டான்டினிக்கு. 1929-ல் மொனாக்கோ தன் முதல் கிராண்ட் ப்ரீயை நடத்தியபோது ஜெயித்தது டைப் 35 வம்சத்தின் 35பி. அதன் காலிலும் எட்டு ஆரக்கால் அலுமினியச் சக்கரம்தான்.