வலது இதயமும் நுரையீரலும்: இப்னுந் நஃபீஸ் காட்டிய வழி

இதயம் பழுதுற்றால் மூச்சு வாங்கும் என்பதைப் பலரும் அறிவர். நுரையீரல் பழுதுற்றாலும் இதயம் தளரும் என்பதை அறிந்தோர் குறைவு. இதயத்தின் வலப்பக்கம் செலுத்தும் குருதி முழுவதும் நுரையீரலுக்கே செல்கிறது என்பது தெளிந்தால்தான் இத்தொடர்பு விளங்கும். நாம் அறிந்தவரை, அவ்வுண்மையை முதலில் எழுத்தில் வடித்தவர், திமிஷ்கில் கற்றுக் கெய்ரோவில் மருத்துவம் புரிந்த இப்னுந் நஃபீஸ் ஆவார்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ், இதயத்தின் இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் நுண்துளைகள் உண்டென்றும், அவற்றின் வழியே குருதி வலமிருந்து இடம் செல்கிறதென்றும் கருதினார். ஆயிரம் ஆண்டுகள் இக்கருத்தே ஆட்சி செலுத்தியது. இப்னு ஸீனாவின் அல்கானூன் நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு 1242இல் விரிவுரை வரைந்த இப்னுந் நஃபீஸ் இதனை மறுத்தார். அச்சுவர் தடித்தது, துளையற்றது. குருதி வலது கீழறையிலிருந்து நுரையீரலை அடைந்து, காற்றுடன் கலந்த பின்னரே இடப்பக்கம் வருகிறது என்றார். உரையாசிரியர் என்பதற்காக மூலநூலுக்குத் தலைவணங்கி நிற்கவில்லை என்பதே அவருடைய சிறப்பு. 1288இல் அவர் மறைந்தபோது அவரது இல்லமும் நூல்களும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு உரியவாயின.

ஐரோப்பாவில் செர்வீட்டஸ் 1553இலும், கொலம்போ 1559இலும் இதே கருத்தை வெளியிட்டனர். 1628இல் ஹார்வி முழு உடலின் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவினார். இப்னுந் நஃபீஸின் கருத்தோ, எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவி பெர்லினிலிருந்த கையெழுத்துப் படியை ஆராய்ந்து 1924இல் வெளிக்கொணரும்வரை உலகால் மறக்கப்பட்டிருந்தது.

நுரையீரலின் குருதிக் குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு. ஆகவே வலது கீழறையின் சுவரும் மெல்லியது. நாட்பட்ட நுரையீரல் நோயில் நுண்குழாய்கள் அழிகின்றன. உயிர்வளி குறையுமிடத்தில் எஞ்சிய குழாய்களும் சுருங்குகின்றன. இதனை 1946இல் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளிடம் மெய்ப்பித்தனர். இவ்வாறு வழி குறுகக் குறுக அழுத்தம் ஏறுகிறது. வலது கீழறை முதலில் தடிக்கிறது, பின்னர் விரிகிறது, இறுதியில் தளர்கிறது. பின்தங்கிய குருதியால் கழுத்துச் சிரைகள் புடைக்கின்றன, கல்லீரல் பெருக்கிறது, கால்கள் வீங்குகின்றன. இதற்கு மருத்துவ உலகு இட்ட பெயர் 'கோர் பல்மொனேல்'.

இது நம் அடுக்களைகளையும் தொடும் செய்தி. டெல்லியில் 127 நோயாளிகளை ஆராய்ந்து மருத்துவர் எஸ். பத்மாவதியும் அவருடன் பணியாற்றிய பாதக்கும் 1959இல் கட்டுரை வெளியிட்டனர். புகைப்பழக்கம் அரிதாயிருந்த பெண்களிடமும் இந்நோய் கணிசமாகக் காணப்பட்டது. விறகும் வறட்டியும் எழுப்பும் புகை ஐயத்திற்கு உள்ளாயிற்று. இன்றும் அத்தகைய அடுப்பின்முன் இருமிக்கொண்டே சமைக்கும் தாய்மார்கள் உள்ளனர். அவர்களது கால் வீக்கத்தை முதுமையின் இயல்பென ஒதுக்குவது தவறு.

நோய் முற்றியோருக்கும் வழி உண்டு. இரத்தத்தில் உயிர்வளி மிகக் குறைந்த நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 15 மணி நேரம் உயிர்வளி அளித்தால் ஆயுள் நீள்கிறது என்பதை 1981இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டிற்று. எனினும் புகையை முன்கூட்டியே விலக்குவதே மேலானது. முன்னோரின் கண்டுபிடிப்பைப் பெருமையாகப் பேசும் நாம், அது உணர்த்தும் உண்மையை வீட்டு அடுப்பிலிருந்து செயற்படுத்தத் தொடங்குவதே அவ்வறிஞருக்குச் செய்யும் முறையான மரியாதையாகும்.