ஓட்டுநரைத் தொடரும் காகிதம்



தோட்டத்தில் பிறந்த நம் பிள்ளைகள் பலர், பால்மரக் காட்டை விட்டு வெளியே வந்ததும் முதலில் பிடித்தது லோரியின் ஸ்டீயரிங்கைத்தான். செம்பனைக் குலை ஏற்றும் லோரி, மரம் ஏற்றும் லோரி, சிமெண்டு லோரி என்று ஏதோ ஒன்று கிடைத்தது. லைசென்ஸ் கையில் இருந்தால் சோற்றுக்குக் கவலையில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். பெரும்பாலும் அது பலித்தும் இருக்கிறது. ஆனால் லைசென்சுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காகிதமும் ஓட்டுநரோடு பயணம் செய்கிறது. அதன் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எனக்குப் பழக்கமான ஓர் ஓட்டுநர் இருபது வருடம் லோரி ஓட்டியவர். அவர் கணக்கில் மூன்று சிறிய விபத்துகள். ஒருமுறை பின்னால் எடுக்கும்போது ஸ்டோர் தூணில் இடித்துவிட்டார். ஒருமுறை குறுகலான பாதையில் பக்கக் கண்ணாடி உரசியது. மூன்றாவதில் அவர் வண்டியிலேயே இல்லை. ஓரமாக நிறுத்தி வைத்திருந்த லோரியின் மேல் ஒரு கார் வந்து மோதியது. யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. வேறு ஒரு கம்பெனியில் வேலை கேட்கப் போனபோது, அங்கிருந்தவர் மூன்றையும் ஒன்றாகக் கூட்டி, "மூன்று விபத்தா?" என்று கேட்டுவிட்டுப் பாரத்தை மடித்து வைத்துவிட்டாராம். கூட்டல் சரிதான். நியாயமும் சரிதானா?

இந்தக் கேள்வியை அதிகமாகக் கேட்டு, அதிகமாகச் சண்டையும் போட்ட நாடு அமெரிக்கா. அங்கே இதன் தொடக்கத்தை லோரியில் அல்ல, இரயிலில் தேட வேண்டும். 1880-களில் ஃபால் புரூக் இரயில்வேயில் பிரௌன் என்ற அதிகாரி ஒரு புதிய முறையைக் கொண்டு வந்தார். அதற்கு முன்பெல்லாம் தவறு செய்த தொழிலாளியைச் சில நாட்கள் வேலைநீக்கம் செய்து, சம்பளத்தை நிறுத்திவிடுவார்கள். தவறு செய்தவன் ஒருவன், பட்டினி கிடப்பது வீட்டிலிருக்கும் மனைவியும் மக்களும். பிரௌன் சம்பளத்தை வெட்டாமல், தவற்றை ஒரு பேரேட்டில் குறித்து வைத்தார். குறைப்புள்ளிகள் சேர்ந்துகொண்டே போனால் வேலை போகும். நெடுநாள் ஒழுங்காக உழைத்தவருக்கு அந்தப் பழைய புள்ளிகள் கழிந்தும் போகும். தொழிலாளர்கள் அந்தப் புள்ளிகளுக்கு 'பிரௌனி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அன்றைய நிலையில் இது இரக்கமான ஏற்பாடுதான். ஆனாலும் பட்டினி அன்றோடு போய்விடும், பேரேடு போகாது. அடுத்த முதலாளி அதை எட்டிப் பார்க்கலாம் என்ற நிலை வந்ததும் தொழிலாளிக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது.

முதலாளிகள் தங்களுக்குள் கருப்புப் பட்டியல் வைத்து, வேலை நிறுத்தம் செய்தவர்களை ஊரெங்கும் கதவடைத்த காலம் அது. அதற்கு மாற்றாக மிசௌரி மாநிலம் 1905-இல் ஒரு சட்டம் செய்தது. வேலையை விட்டுப் போகும் தொழிலாளி கேட்டால், அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு காலம் செய்தார், உண்மையில் ஏன் விலகினார் என்று கம்பெனி எழுத்தில் தர வேண்டும். 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தொழிலாளியைப் பற்றிய காகிதத்தைத் தொழிலாளியே கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் அதில் இருந்த புதுமை.

தோட்டத்து மக்களுக்கு இந்த அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலங்கையில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக 'துண்டு' என்ற சீட்டு வேண்டியிருந்தது. கடன் தீர்ந்ததா, போகலாமா என்பதை அந்தச் சீட்டுத்தான் தீர்மானித்தது. 1921-இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

இனி சாலைக்கு வருவோம். பிரிட்டனில் 1903-இல் இயற்றிய மோட்டார் கார் சட்டம், 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து ஓட்டுநர் அனைவரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றது. கட்டணம் ஐந்து ஷில்லிங். ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை! கட்டாயத் தேர்வு 1935-இல்தான் வந்தது. ஆனால் தண்டனை பெற்றால் அதை லைசென்சிலேயே எழுதும் வழக்கம் முதல் நாளிலேயே வந்துவிட்டது. ஓட்டத் தெரியுமா என்று கேட்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, என்ன குற்றம் செய்தான் என்று குறிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாநிலத்தின் வேலை. இதில் ஒரு ஓட்டை இருந்தது. நெடுந்தூர லோரி ஓட்டுநர்கள் சிலர் இரண்டு மூன்று மாநிலங்களில் லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, அபராதங்களை அவற்றில் பங்கு போட்டுவிடுவார்கள். எந்த ஒரு லைசென்சும் பறிபோகாது. நல்ல ஓட்டுநருக்கும் இதனால் கெட்ட பெயர். 1986-இல் வந்த வணிக மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம், ஓர் ஓட்டுநருக்கு ஒரே லைசென்ஸ் என்று முடிவு கட்டியது. 1992 ஏப்ரல் முதல் கனரக வண்டி ஓட்டுவோர் அனைவரும் புதிய வணிக லைசென்ஸ் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

அத்தோடு நின்றிருந்தால் கதை எளிது. அங்கே ஓட்டுநரைப் பற்றி ஒன்றல்ல, பல ஏடுகள் இருக்கின்றன. போக்குவரத்துக் குற்றங்கள் மாநில ஏட்டில் ஏறும். கம்பெனி வைக்க வேண்டிய விபத்துப் பதிவேடு வேறு. அதில் மத்திய அரசு விதிப்படி கட்டாயம் ஏற வேண்டியவை மூன்று வகைதான்: உயிர் போனது, காயம்பட்டவரை உடனே வேறிடத்துக்குச் சிகிச்சைக்குக் கொண்டு போனது, வண்டி ஓட்ட முடியாமல் இழுத்துச் செல்லப்பட்டது. தூணில் இடித்ததும் கண்ணாடி உரசியதும் இதில் சேராது. "அப்படியானால் சின்ன விபத்துக்கு என்ன பயம்?" என்று கேட்பீர்கள். பயம் மூன்றாவது ஏட்டில் இருக்கிறது. 1980-களில், பழைய முதலாளிகள் சொல்வதைத் திரட்டிப் புதிய முதலாளிகளுக்குக் கட்டணத்துக்குக் கொடுக்கும் தனியார் சேவை பெரிதாக வளர்ந்தது. ஓட்டுநர்கள் அதை 'டாக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தூணில் இடித்ததும் அதில் ஏறலாம். போதாததற்கு, வேலைக்கு மனுச் செய்யும் பாரமே கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த எல்லா விபத்துகளையும் எழுதச் சொல்கிறது. எழுதினால் வேலை போகுமோ என்ற அச்சம். எழுதாமல் விட்டு 'டாக்'கில் தெரிந்துவிட்டால், விபத்தைவிடப் பொய் பெரிதாகிவிடும். பல ஓட்டுநர்கள் வேலை இழந்தது இந்த இரண்டாவது காரணத்தால்தான்.

இன்னொரு சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். கம்பெனிகள் 'யார் குற்றம்' என்று கேட்பதில்லை, 'தவிர்த்திருக்க முடியுமா' என்று கேட்கின்றன. சட்டப்படி எதிர் வண்டிக்காரர் குற்றவாளியாக இருக்கலாம். ஆனாலும் நம் ஓட்டுநர் சற்று முன்னதாகவே வேகத்தைக் குறைத்திருந்தால் மோதல் நடந்திராது என்று தோன்றினால், அதைத் தவிர்க்கக்கூடிய விபத்து என்று எழுதிவிடுவார்கள். பாதுகாப்புக்கு நல்ல கேள்விதான். ஒருவனுடைய பிழைப்பை அளக்க அது போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஓட்டுநருக்குப் பாதுகாப்பும் மெல்ல மெல்லத்தான் வந்தது. கடன் வாங்குவோரைப் பற்றிய அறிக்கைகளை ஒழுங்குபடுத்த 1970-இல் ஒரு சட்டம் வந்தது. வேலைக்காக எடுக்கும் அறிக்கைக்கும் அது பொருந்தியதால், ஓட்டுநர் தம் ஏட்டைக் கேட்டு வாங்கி, பிழை இருந்தால் மறுக்க வழி பிறந்தது. 2004-இல் மத்திய அரசு விதியில் இன்னும் தெளிவு கிடைத்தது. பழைய கம்பெனி மூன்று ஆண்டு விபத்து விவரத்தைப் புதிய கம்பெனிக்குக் கொடுத்தாக வேண்டும். அதேசமயம் ஓட்டுநர் அதைப் பார்க்கலாம், திருத்தச் சொல்லலாம். திருத்த மறுத்தால் தம் பக்கத்து விளக்கத்தை எழுதிக் கொடுக்கலாம். அடுத்து யார் கேட்டாலும் கம்பெனி அந்த விளக்கத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

2010-இல் அரசாங்கமே ஐந்து ஆண்டு விபத்துகளையும் மூன்று ஆண்டுச் சோதனைகளையும் முதலாளிகள் பார்க்க வழி செய்தது. அதில் குற்றம் யாருடையது என்ற குறிப்பே இல்லை. ஓட்டுநர்களும் கம்பெனிகளும் சேர்ந்து முறையிட்டார்கள். 2017-இல் சோதனையாகத் தொடங்கி, 2020-இல் ஒரு நிலையான ஏற்பாடு வந்தது. நிறுத்தியிருந்த வண்டியில் பிறர் வந்து மோதியது, பின்னாலிருந்து இடித்தது போன்ற வகைகளுக்கு ஆதாரம் கொடுத்தால், 'தவிர்க்க முடியாதது' என்று ஏட்டிலேயே குறிப்பார்கள்.

நம் மலேசியாவில் 1997-இல் வந்த கெஜாரா புள்ளிமுறை போக்குவரத்துக் குற்றங்களை எண்ணுகிறது. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். அலைச்சல் என்று பலர் முணுமுணுப்பார்கள். நான் சொன்ன ஓட்டுநரும் முணுமுணுத்தவர்தான். ஆனால் நிறுத்தியிருந்த லோரியில் கார் மோதிய அன்று எழுதிய போலீஸ் ரிப்போர்ட்டின் நகலை அவர் தூக்கி எறியவில்லை. இரண்டாவதாக வேலை கேட்டுப் போன இடத்தில், பாரத்தில் மூன்றையும் எழுதி, அந்த நகலையும் மேசைமேல் வைத்தார். அதைப் படித்துப் பார்த்த மேலாளர், தூணைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.